கதவில் போட்ட சிவப்பு வட்டம்

மேல் லயம், வெள்ளைக்கல் தோட்டம்,
பசறை.
05.10.1998

மலைச்சரிவு ஆய்வுக் காரியாலயம்,
பதுளை.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

யார் பிரிப்பீர்கள் என்று தெரியாததால் இரண்டையும் போட்டிருக்கிறேன். பொருந்தாததை வெட்டிவிடுங்கள். படிவங்களில் அப்படித்தானே கேட்கிறார்கள்.

என் பெயர் க. ஜீவராணி. பசறையில் பதினோராம் ஆண்டு படிக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா உள்ள எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பரா எங்களுடையது. நான், கொழுந்தெடுக்கிற அம்மா கருப்பம்மா, என் தம்பி. அப்பா கொழும்பில் கடையில் வேலை. பண்டிகை மாதிரி வருசத்துக்கு இரண்டு தடவை வருவார், வந்தால் கொண்டாட்டம், போனால் கடன்.

விசயம் இதுதான். லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள்ளே மலை வாயைத் திறந்திருக்கிறது. முதலில் கொட்டாவி என்றுதான் நினைத்தோம். ஆடி மாதத்தில் அந்த வெடிப்புக்குள் என் இரண்டு விரல் போனது. இப்போது தம்பியின் கால் முழங்கால் வரைக்கும் போகிறது. எங்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளையிடம் சொன்னோம். கவ்வாத்து வெட்டிய குச்சிகளைக் கூடை கூடையாகப் போட்டு மூடச் சொன்னார். மூடினோம். அதோடு எங்கள் வாயையும் மூடச் சொன்னார். அதுதான் என்னால் ஆகாத வேலை.

மலை ஊற்றிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் இப்போது தேயிலை போடாமலே தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. எங்கள் கதவு முன்பு தள்ளினால் சாத்தும். இப்போது கெஞ்சினாலும் சாத்துவதில்லை. உங்களைப் போல ஒரு காரியாலயம் இருப்பதாக விஞ்ஞான டீச்சர் வகுப்பில் சொன்னார். பரீட்சைக்கு வரும் என்றுதான் சொன்னார், எனக்கு வீட்டுக்கே வந்துவிட்டது.

வந்து பாருங்கள் ஐயா அல்லது அம்மா. மாரி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
க. ஜீவராணி

*

மலைச்சரிவு ஆய்வுக் காரியாலயம்,
பதுளை.
14.10.1998

செல்வி க. ஜீவராணி,

05.10.1998 திகதிய உங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. உத்தியோகத்தர் குழு ஒன்று இம்மாதத்துக்குள் ஸ்தலத்தைப் பார்வையிடும் என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.

பணிப்பாளருக்காக,
சி. இரகுநாதன்
எழுதுவினைஞர், தமிழ்ப் பிரிவு

பி.கு: தமிழில் வரும் கடிதங்களைப் பணிப்பாளருக்காகச் சிங்களத்தில் மாற்றுபவன் நான்தான். கொட்டாவியை நிலப்பிளவு என்று போட்டேன். கணக்கப்பிள்ளையின் வரியையும் தேத்தண்ணிப் பகிடியையும் விட்டுவிட்டேன். நீர் பகிடி விடாமல் எழுதினால் எனக்கு வேலை குறையும். 'அம்மா' என்பதை வெட்டிவிட்டேன்.

*

வெள்ளைக்கல்
29.10.1998

இரகுநாதன் ஐயாவுக்கு,

என்னை 'நீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “யாழ்ப்பாணத்து ஆளுக அப்படித்தான் மரியாதையாப் பேசுவாங்க, பல்ல இளிக்காத” என்றாள். எங்கள் மலைக்குள்ளேயும் நீர்தான் ஐயா பிரச்சினை. அதுவும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு முறைப்பாடு. உங்கள் பழுப்பு உறை தோட்டத்து ஆபிசுக்கு வந்தது. எங்கள் கடிதமெல்லாம் அங்கே வந்துதான் லயத்துக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆபிஸ் கிளாக்கர் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம். மேலே எழுதிய பெயர் மழையில் ஊறிப் போயிருந்ததால் யாருக்கென்று தெரியவில்லை. மேல் லயம் என்பது மட்டும் தெரிந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை எங்கள் சங்கத் தலைவர் பொன்னையா மாமாவைக் கூப்பிட்டு, அரசாங்கத்துக்கு எழுதுகிற ஆள் யார் என்று கேட்டிருக்கிறார். மாமா தெரியாது என்று சொல்லிவிட்டு உறையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இனிமேல் பசறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இப்றாஹீம் நானா கடைக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வாங்கிக்கொள்வேன்.

இரண்டாவது, உங்கள் ஆட்கள் வந்தார்கள். தீபாவளி கழிந்த புதன்கிழமை. மூன்று பேர், ஒரு நீள டேப், இரும்புக் கம்பிகள். மலையைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். இஞ்சிபோட்ட பிளேன் டீ குடித்தார்கள். பிறகு முதல் ஐந்து காம்பராக் கதவுகளில் சிவப்புப் பெயிண்டால் ஆளுக்கொரு வட்டம் போட்டார்கள். எதுக்கு என்று பொம்பளைகள் கேட்டார்கள். மேலிடத்திலிருந்து பிறகு சொல்வார்கள் என்று ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

இப்போது கேளுங்கள். இரண்டு வருசத்துக்கு முன்னால் கீழ்ப்பிரிவில் வீடமைப்பு ஆட்கள் வந்து சில கதவுகளில் இப்படித்தான் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் விழுந்த குடும்பத்துக்கெல்லாம் ஏழு பேர்ச் காணியும் வீட்டுக் கடனும் கிடைத்தது. அதனால் எங்கள் லயத்தில் வட்டம் விழுந்த ஐந்து குடும்பமும் தரையில் நடப்பதில்லை. “நமக்கு வீடு விழுந்திருச்சுடி” என்று அம்மா வட்டத்துக்கு நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அளக்க வந்தவர்கள் மலையை ஏன் குத்தினார்கள்? எனக்குச் சந்தேகம். வட்டத்துக்கு அர்த்தம் என்ன ஐயா? ஒரே ஒரு வரி போதும்.

ஜீவராணி

*

பதுளை
05.11.1998

செல்வி ஜீவராணி,

நீர் கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது.

வட்டங்கள் பற்றிய விபரம் ஆய்வறிக்கையில் உள்ளது. அறிக்கை பணிப்பாளரிடம் உள்ளது. அவர் அனுமதிக்கும்வரை உத்தியோகத்தர் எவரும் வெளியாருக்கு எதையும் சொல்லக் கூடாது என்பது அரசாங்கச் சேவையின் விதி. நான் ஆக்கிய விதியல்ல. காரணம் கேட்டேன். மாற்றுக் காணி பற்றித் தோட்டக் கம்பனியோடு பேச்சு முடியவில்லை, அதற்கு முன் சொன்னால் சனங்கள் குழம்பிவிடுவார்கள் என்றார்கள்.

இன்னொன்றும் நடந்தது. உமது தோட்டத்துத் துரை எங்களுக்குக் கடிதம் போட்டிருந்தார். முறைப்பாடு செய்தவரின் பெயரும் முறைப்பாட்டின் பிரதியும் வேண்டுமாம். முறைப்பாட்டாளரின் விபரம் வெளியிடப்படுவதில்லை என்று பதில் தயாரித்து வைத்தேன். பணிப்பாளர் கையெழுத்திட்டார். உமக்கு முன்னால் சாத்தியிருக்கும் அதே கதவுதான் துரைக்கு முன்னாலும் சாத்தியிருக்கிறது. அதை யோசித்துப் பாரும்.

என் நிலைமையையும் யோசியும். நான் பதுளைக்கு வந்து பதினொரு வருடம். அடையாள அட்டையில் ஊர் யாழ்ப்பாணம். இந்த யுத்த காலத்தில் ஒரு தமிழ் எழுதுவினைஞன் காரியாலயத்திலிருந்து கடதாசி ஒன்றை வெளியே கொண்டுபோனான் என்று வந்தால், அது மலையைப் பற்றிய கடதாசியா என்று எவரும் பார்க்க மாட்டார்கள்.

பொறுமையாக இரும்.

சி. இரகுநாதன்

*

வெள்ளைக்கல்
12.11.1998

இரகுநாதன் ஐயாவுக்கு,

என் பெயரைத் துரைக்குச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. மனதார எழுதுகிறேன், இதில் பகிடி இல்லை. பெயர் தெரிந்திருந்தால் அம்மாவுக்கு மறுநாளே பேர் வெட்டி வேலையை நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் இரண்டும் ஒரே கதவு என்று எழுதினீர்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. என் பெயர் தெரியாததால் துரைக்கு என்ன குறைந்துவிட்டது? வழக்கம்போலச் சாப்பிடுகிறார், வழக்கம்போல ஏசுகிறார். வட்டத்தின் அர்த்தம் தெரியாததால் நாங்கள் அதற்குக் கீழேயே படுத்துக் கிடக்கிறோம். துரைக்குச் சாத்தியது திருடனுக்குச் சாத்திய கதவு. எங்களுக்குச் சாத்தியது, உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே போட்ட கொண்டி. குழம்பிவிடுவோமாம். ஐயா, குழம்பித்தான் போயிருக்கிறோம். வந்து பாருங்கள், நல்ல காரமான குழம்பு.

ஆறாம் காம்பரா ஜெயலெட்சுமி அக்காவும் ஏழாம் காம்பரா முருகையா மாமாவும் ஒரு கிழமையாகச் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் வட்டம் இல்லை என்று. போன சனிக்கிழமை எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்த நேரம் நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் கிடந்தேன். பார்த்தால், முருகையா மாமா கோவில் மதிலுக்குப் பூசுகிற காவியைச் சிரட்டையில் கரைத்துக்கொண்டு வந்து தன் கதவில் வட்டம் போடுகிறார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து அளவெடுத்துப் போட்டார். மிச்சக் காவியில் ஜெயலெட்சுமி அக்காவுக்கும் ஒன்று. பின்னேரம் வந்தவர்களிடம், உங்கள் ஆபிசிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். எல்லோரும் நம்பிவிட்டார்கள். எனக்கு இந்த வித்தை இத்தனை நாளாகத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சரி, நான் ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். வட்டம் வீட்டுக்கு என்றால் பழுப்பு உறையில் ஒரு வெறும் தாளைப் போட்டு அனுப்புங்கள். ஆபத்து என்றால் எதுவுமே அனுப்ப வேண்டாம். ஒரு கிழமை பார்ப்பேன். வெறும் தாளில் ஒன்றும் இருக்காது, வராத கடிதத்தில் அதைவிட ஒன்றும் இருக்காது. எந்த விதியில் உங்களைப் பிடிப்பார்கள்?

ஜீவராணி

*

பதுளை
16.11.1998

செல்வி ஜீவராணி,

இது உமது கேள்விக்குப் பதில் அல்ல. இந்த உறை பழுப்பாக இருப்பது இங்கே வேறு நிற உறை இல்லாததால். இதை அனுப்பாமல் விட்டிருந்தால் அதையும் நீர் பதிலாக எடுத்திருப்பீர். எப்படிப் பார்த்தாலும் என் வாயைப் பிடுங்குகிற விளையாட்டு. அதனால் விளையாட்டையே கலைக்கிறேன். வட்டம் வீட்டுக்கு என்று நான் சொல்லவில்லை. ஆபத்துக்கு என்றும் சொல்லவில்லை.

வட்டத்தின் பொருளைக் குடியிருப்பாளருக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்று இன்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பணிப்பாளர் அதன் ஓரத்தில் 'பொறுத்திருக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மறுபடியும் கேட்பேன்.

இந்த விளையாட்டைப் பற்றி எவரிடமும் மூச்சு விட வேண்டாம்.

சி. இரகுநாதன்

*

வெள்ளைக்கல்
23.11.1998

ஐயா,

மூச்சு விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே விட்டுவிட்டேன்.

பழுப்பு உறை வந்தால் வீடு, வராவிட்டால் நாம் கிளம்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வராது என்று அவ்வளவு நம்பிக்கை. சம்பளத்துக்கு அடுத்த நாள் சாமான் வாங்கப் பசறைக்குப் போன அம்மா, இப்றாஹீம் நானா கடையில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது நானா உறையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் லயமே பாயாசம் குடித்துவிட்டது. உறை சாமிப் படத்துக்குப் பக்கத்தில், பிரிக்காமல், பூ வைத்து. எடுத்து உரக்க வாசித்தேன். வீடு என்று சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறது அம்மா என்றேன். ஆபத்து என்றும் சொல்லவில்லையே என்றாள். பிறகு சொன்னாள்: “நீ வாசிக்கிறத எவன் நம்புவான்?”

அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருசம் துரையின் நாய்க்குப் பிறந்தநாள், அதனால் பெரட்டு கிடையாது, வேலைக்கு வர வேண்டாம் என்று தோட்டத்து ஆபிஸ் அறிவித்தல் மாதிரி நான் ஒன்று எழுதி வாசித்தேன். பத்துக் காம்பராவும் நம்பி வீட்டில் இருந்தது. எல்லோருக்கும் ஒரு நாள் பேர் போனது, சம்பளமும் போனது. அன்றைக்கு வாங்கிய அடி ஆறிவிட்டது, பட்டம் மட்டும் ஆறவில்லை. நான் மழை பெய்கிறது என்றாலும் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

மழை பெய்கிறது ஐயா. கையை நீட்டிப் பார்க்கத் தேவையில்லை, கூரைக்குள்ளேயே பெய்கிறது. வெடிப்புக்குள் மூங்கில் ஒன்றை விட்டேன், அடி தட்டவில்லை. எங்கள் கதவு இப்போது திறக்கவும் மாட்டேன் என்கிறது, தம்பியை ஜன்னலால் இறக்குகிறேன். நேற்று பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது. இந்த மழையிலும் நின்றுவிட்டது.

பொன்னையா மாமாவுக்கும் பயம் வந்துவிட்டது. எல்லோரும் கீழே, கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் போய் இருப்போம் என்று கூப்பிட்டார். அம்மாதான் முதலில் மறுத்தாள். “காம்பராவ விட்டுட்டுப் போனா வட்டத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நான் செத்தாலும் இந்தக் கதவுகிட்டதான் கெடப்பேன்” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதும் மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்கள் வட்டம்தான் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. மழைக்குப் பயந்து தானாக ஓடியிருக்கக் கூடியவர்களையும் ஓட விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஆபத்து என்று ஒரு துண்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், இடது கையால் எழுதுங்கள். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இதைப் பசறை–பதுளை பஸ் கொண்டக்டர் அஸீஸ் அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவர் மறுபடியும் உங்கள் வாசலுக்கு வருவார்.

ஜீவராணி

*

பதுளை
24.11.1998

பிள்ளை,

அஸீஸ் வெளியே காத்து நிற்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

பணிப்பாளர் கொழும்பில். தொலைபேசியில் பிடித்தேன். கம்பனியோடு வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, அதுவரை ஒன்றும் வெளியே போகக் கூடாது என்றார். பீலியில் தண்ணீர் நின்றதைச் சொன்னேன். உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான் பெயரைச் சொல்லவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

பெயரில்லாத துண்டு உமது கையால் அந்த லயத்துக்குப் போனால் அதை ஜீவராணியின் துண்டு என்றுதான் சொல்வார்கள். அதனால் என் பெயரைப் போட்டிருக்கிறேன். இத்துடன் இருக்கும் தாளை நீர் வாசிக்க வேண்டாம். தலைவர் பொன்னையாவின் கையில் கொடும். எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் அவர் வாசிக்கட்டும். முத்திரையை எல்லோருக்கும் காட்டச் சொல்லும்.

இரகுநாதன்

(இணைப்பு)

வெள்ளைக்கல் தோட்டம் மேல் லயத்தில் குடியிருப்போருக்கு,

உங்கள் கதவுகளில் உள்ள சிவப்பு வட்டம் வீடு கொடுப்பதற்காகப் போட்டதல்ல. மண் சரிந்து வரக்கூடிய இடம் என்பதற்கான அடையாளம் அது. வட்டம் உள்ள காம்பராக்களை விட்டு எல்லோரும் உடனே வெளியேறுங்கள். வெளியேறுவதால் எவருக்கும் எந்த உரிமையும் போகாது, ஏனென்றால் அந்த வட்டத்தால் எவருக்கும் எந்த உரிமையும் வரவில்லை. இந்தத் தகவல் இன்றுவரை உங்களுக்கு அறிவிக்கப்படவில்லை. இதை அறிவிக்க எனக்கு அனுமதியும் இல்லை. அறிந்தே எழுதுகிறேன்.

சி. இரகுநாதன்
எழுதுவினைஞர், தமிழ்ப் பிரிவு
மலைச்சரிவு ஆய்வுக் காரியாலயம், பதுளை
(முத்திரை)
24.11.1998

*

பள்ளிக்கூட மண்டபம், பசறை
28.11.1998

ஐயா,

எல்லோரும் இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பொன்னையா மாமா வாசித்தார். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. முதல் தரம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னுக்குப் போனாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். “அப்ப வீடு இல்லையா அண்ணே?” என்றாள்.

“இல்ல தங்கச்சி. உசுர எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க” என்றார் மாமா.

அவள் அழவில்லை. நேரே லயத்துக்குப் போய் சாமிப் படத்தையும் அரிசிச் சாக்கையும் எடுத்தாள். பழுப்பு உறையை அடுப்பில் போட்டாள். அம்மா கிளம்பியதும் மற்ற நான்கு காம்பராவும் கிளம்பியது. ஜெயலெட்சுமி அக்காவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தன் வட்டம் காவி வட்டம் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது.

முருகையா மாமாவுக்கு மறக்கவில்லை. அவர் குடும்பம் மட்டும் வாசல் இஸ்தோப்பில் நின்றது. அவருடைய சம்சாரம் மூட்டை கட்டச் சொல்கிறாள், மாமா அசையவில்லை. எனக்குக் காரணம் தெரியும். தன் கதவுக்கு ஆபத்து இல்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், அதைச் சொன்னால் காவிக் கதை வெளியே வரும். கிட்டப் போனேன். “நம்ம கதவுல…” என்று ஆரம்பித்தார். “தெரியும் மாமா, தட்டைக் கவிழ்த்துதான போட்டீங்க” என்றேன். முகம் வெளுத்துவிட்டது. “இங்கேயே இருக்கப் போறீங்கன்னா ஏன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்றேன்.

மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. அந்த ஏமாந்த முகத்தோடு அவர் மூட்டை சுமந்து இறங்குவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நாங்கள் பிள்ளைக்காம்பராவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது மலை வந்தது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. லொறியில் கல் ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி சத்தம், பிறகு தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. ஐந்து காம்பரா போனது. ஆறு போனது. ஏழும் போனது. எட்டாவதின் சுவரில் வந்து நின்றது. எட்டு, ஒன்பது, பத்தில் இருந்த மூன்று குடும்பமும் சத்தம் கேட்டு ஓடிவந்து தப்பிவிட்டார்கள்.

முருகையா மாமா மூன்று நாளாக மண்டபத்து வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து வந்து தலையைத் தொட்டுவிட்டுப் போய் உட்காருகிறார். அவரை வைத்து ஒரு பகிடி தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

ஆறும் ஏழும் உங்கள் அறிக்கையில் இருந்ததா இல்லையா ஐயா? இப்போதாவது சொல்லலாமா?

ஜீவராணி

*

பதுளை
05.12.1998

பிள்ளை,

இல்லை. அறிக்கை ஐந்தாம் காம்பராவோடு நின்றது. அளந்தவர்களின் கணக்குத் தவறிவிட்டது.

எந்தக் காம்பராக்கள் என்று இலக்கம் போட்டுத்தான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். முருகையாவின் காவியைப் பற்றி நீர் எழுதியிருந்தீர். இலக்கம் போட்டால் அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார், இரண்டு குடும்பம் கூடுதலாக வெளியேறுவதால் எவருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்தேன். பதினொரு வருட சேவையில் எவ்வளவோ விடயத்தை வெளியே சொல்லாமல் விட்டிருக்கிறேன். இந்த இரண்டு இலக்கத்தை விட்டதில் மட்டும்தான் நித்திரை வருகிறது.

என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்வி. வட்டத்தின் பொருளை வெளியிட்டது நீயா? முறைப்பாடு செய்தது யார்? நான் எழுதிய தாள் அவர்கள் கையில் இல்லை. வாய்ப்பேச்சைத் தவிர சாட்சி கிடையாது, மறுத்துவிடு என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். மனைவி கமலாம்பிகையும் அதைத்தான் சொல்கிறாள். நான் இன்னும் பதில் எழுதவில்லை.

தாள் உம்மிடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நீரும் எழுத வேண்டாம்.

இரகுநாதன்

*

பசறை
13.12.1998

ஐயா,

வியாழக்கிழமை மண்டபத்தில் விசாரணை. நேற்று உங்கள் காரியாலயத்திலிருந்து ஒருவர் முன்னேற்பாட்டுக்கு வந்திருந்தார். வட்டம் போட்ட அன்றைக்கே அதன் அர்த்தத்தை எல்லோருக்கும் வாயால் அறிவித்துவிட்டோம், சனங்கள்தான் பிடிவாதமாக இருந்தார்கள் என்று அறிக்கையில் வருமாம். அறிவித்தும் வெளியேறாதவர்களுக்கு மாற்றுக் காணி கொடுக்கக் கம்பனிக்குக் கடமை இல்லையாம். பொன்னையா மாமா எழுந்து அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். எழுத்தில் இருக்கிறதா என்று வந்தவர் கேட்டார்.

எழுத்தில் இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டாம் என்றதை எழுதிவிட்டேன், மன்னியுங்கள். 'இன்றுவரை அறிவிக்கப்படவில்லை' என்று திகதி போட்டு, முத்திரை போட்டு இருக்கிறது. என் கணக்குக் கொப்பிக்கு உறைபோட்ட தாளுக்குள்ளே இருக்கிறது.

அதைக் காட்டினால் ஏழு குடும்பத்துக்கு ஒரு வழி பிறக்கும். உங்கள் வேலை போகும். வேலை மட்டுமா என்று எனக்குத் தெரியாது. அடையாள அட்டையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை மறுபடியும் எடுத்து வாசித்தேன். பொன்னையா மாமா காட்டச் சொல்கிறார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தத் தம்பி பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுறாத. நாம எங்கயாச்சும் கெடந்துக்கலாம்” என்கிறாள். வீட்டுக்காகச் செத்தாலும் சாவேன் என்றவள்தான் சொல்கிறாள்.

எனக்கு இன்றைக்குப் பகிடி எதுவும் வரவில்லை. அஸீஸ் அண்ணன் உங்கள் வாசலில் நிற்பார். ஒரு வரி எழுதுங்கள். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுகிறேன், சத்தியமாக.

ஜீவராணி

*

பதுளை
14.12.1998

பிள்ளை,

காட்டும்.

என்னிடம் கேட்ட இரண்டு கேள்விக்கும் இன்று காலை பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியிட்டது நான்தான், தேவைப்பட்டால் மறுபடியும் செய்வேன் என்று முதலாவதுக்கு. முறைப்பாடு செய்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று இரண்டாவதுக்கு. உமது முதல் கடிதம் காரியாலயக் கோவையில் இப்போது இல்லை. நீங்கள் எல்லோரும் இன்னும் அந்தத் துரையின் தோட்டத்தில்தான் பேர் போட்டு வேலை செய்கிறீர்கள், அதனால் அந்தக் கதவு சாத்தியே இருக்கட்டும். நாளையிலிருந்து என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கமலாம்பிகை முதலில் கோபப்பட்டாள். பிறகு உமது கடிதங்களை வாசிக்கக் கேட்டாள். நாய்க்குப் பிறந்தநாள் வரும் இடத்தில் நெடுநேரம் சிரித்தாள்.

வியாழக்கிழமை பயப்படாமல் நில்லும். தாளைப் பொன்னையா கொடுக்கட்டும், நீர் முன்னுக்குப் போக வேண்டாம். எழுதியது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லச் சொல்லும்.

கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லும்.

சி. இரகுநாதன்